ஒரு திருத்தம்

கடந்த குளிர்காலத்தில் ஸ்காபரோவில் மகளின் வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் காலையில் மருமகனின் காரில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. பதினான்கு வருடங்கள் ஓடிய யப்பானியக் கார். ஓட்டத்தில் குறையில்லை, சத்தமில்லை, பெற்றோல் மணமும் இல்லை. ஆயினும் விளக்கு அணைய மறுத்தது.

அருகிலிருந்த கராஜ் ஒன்றில் காட்டினோம். கையடக்கக் கருவியொன்றைக் காரில் பொருத்திய உரிமையாளர், 'பி 0456' என்ற குறியீட்டை வாசித்தார். எரிபொருள் ஆவி மிகச் சிறிய அளவில் கசிகிறது என்பது அதன் பொருள். ஆவியைச் சேமிக்கும் பெட்டியையும் வால்வையும் மாற்ற வேண்டும், 1,100 டொலர் ஆகும் என்றார். அந்த மாத வாடகையை அப்போதுதான் செலுத்தியிருந்த மருமகன் எதுவும் பேசவில்லை. வெளியே வந்ததும் நான் பேசினேன். "இவன் ஏமாற்றுகிறான் தம்பி, பார்த்தவுடனேயே தெரிகிறது" என்றேன்.

பெற்றோல் சும்மா இருந்தாலும் ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவி வெயிலில் வேறு வாயுக்களுடன் சேர்ந்து நகரத்தின் காற்றைக் கெடுக்கும். இதனால் கலிபோர்னியா 1970 ஆம் ஆண்டு மொடல் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1971 இலிருந்தும் ஆவியை வெளியே விடாத ஏற்பாடு கட்டாயமாயிற்று. தாங்கியில் எழும் ஆவி, கரி நிரப்பிய ஒரு பெட்டிக்குச் செல்லும். கரி அதைப் பிடித்து வைத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறக்க, எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். காரின் கணினி இடையிடையே இந்த வழி முழுவதையும் மூடி, உள்ளேயுள்ள அழுத்தம் நிலைக்கிறதா என்று சோதிக்கும். 1990களின் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீற்றர் துளையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றிருந்த விதி, 2000 ஆம் ஆண்டளவில் அரை மில்லிமீற்றராக இறுகியது. ஊசி முனை அளவு ஓட்டைக்கும் விளக்கு எரியும். ஆனால் கசிவு உண்டு என்பதை மட்டுமே கணினி அறியும். எங்கே என்பது அதற்குத் தெரியாது.

பெரும்பாலும் குற்றவாளி பெற்றோல் மூடிதான் என்றார்கள். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் ஆவி கசியும். பதினைந்து டொலருக்குப் புது மூடி வாங்கிப் போட்டு, குறியீட்டையும் அழித்தோம். பத்தாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

அப்போதுதான் மகளின் அயலவர் ஒருவரைச் சந்தித்தேன். வடமராட்சியில் கராஜ் வைத்திருந்தவர். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் அவருடையவை. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். துளித்துளியாய்ப் பெற்றோலை எண்ணிய மனிதர், இன்று அதன் ஆவிக்காகக் காரின் கீழே படுத்தார்.

முதலில் மருமகனிடம் ஒரு கேள்வி கேட்டார். "பம்ப் தானாக நின்ற பிறகும் அமத்தி அமத்தி அடிக்கிறனீரோ?" அப்படி அடித்தால் திரவப் பெற்றோல் கரிப்பெட்டிக்குள் போய்க் கரியைப் பாழாக்கும் என விளக்கினார். இல்லை என்றான் மருமகன்.

நண்பர் ஒருவரின் பட்டறையில் புகை இயந்திரம் இருந்தது. காற்றுப் போகும் வழியை அடைத்து, எண்ணெயைச் சூடாக்கி எடுத்த வெண்புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்தினார். நாங்கள் விளக்குப் பிடித்துக் காத்திருந்தோம். கரிப்பெட்டியில் புகை இல்லை. வால்விலும் இல்லை. பின்சில்லுக்கு மேலுள்ள பிளாஸ்ரிக் மறைப்பைக் கழற்றியபோது, பெற்றோல் வார்க்கும் குழாயிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. பனி உருகுவதற்காக வீதியில் கொட்டும் உப்பு, சில்லால் தெறித்து மறைப்புக்குள் சேர்ந்து, இரும்பை வருடக்கணக்கில் தின்றிருக்கிறது.

புதுக் குழாய், ரப்பர் இணைப்பு, பட்டிகள், கூலி எல்லாம் சேர்த்து 240 டொலர். குறியீட்டை அழித்தார். தாங்கியைப் பாதியளவில் வைத்து, இரவில் நன்றாகக் குளிரவிட்டுக் காலையில் ஓட்டும்படி சொன்னார். தாங்கி நிரம்பியோ வெறுமையாகவோ இருந்தால் கணினி சோதனையைத் தொடங்காதாம். ஒன்ராறியோவில் தனியார் கார்களுக்கான புகைப் பரிசோதனை 2019 இல் நிறுத்தப்பட்டதால், பலர் இந்த விளக்கைப் பார்த்தும் பாராமல் ஓடுகிறார்கள். நாளை வேறு பழுது வந்தாலும் அதே விளக்குத்தானே எரியும், எப்படி அறிவது என்று கேட்டார் அவர். இரண்டு வாரமாகியும் விளக்கு எரியவில்லை.

நன்றி சொல்லும்போது, முதல் கராஜ்காரனின் களவைப் பற்றி நான் மீண்டும் எடுத்தேன். அவர் கைகளைத் துடைத்தபடி சொன்னார்: "களவெண்டு சொல்ல ஏலாது அண்ணை. அவன் தேடிப் பார்க்கேல்லை. அவ்வளவுதான்."

அந்த வார்த்தை என்னை முப்பது வருடங்களுக்குப் பின்னே கொண்டுபோய் நிறுத்தியது.

1992 இல், கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றில் பங்கீட்டு மண்ணெண்ணெய் குறைந்துபோனதாக ஒரு தகவல் கிடைத்தது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன். குறைவு உண்மை. வரிசையில் நின்ற சனங்களின் கோபமும் உண்மை. முகாமையாளரைக் கேளாமலே, அவர் கையாடினார் என்று வாசிப்பவர் விளங்கிக்கொள்ளும்படி எழுதினேன். அவர் நான்காம் நாள் சைக்கிளில் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். பீப்பாயின் அடிப்பொருத்தில் துருத்துளை. கீழே மண் ஓரடி ஆழத்துக்கு ஊறிக் கறுத்திருந்தது.

தாள் தட்டுப்பாட்டுக் காலம். பன்னிரண்டு நாட்களின் பின் உட்பக்கத்தின் ஓரத்தில் மூன்று வரிகளில் 'திருத்தம்' வெளிவந்தது. செய்தி முன்பக்கத்தில் வந்திருந்தது. அந்த மனிதர் பின்னர் அந்த வேலையில் நீடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இன்று அவர் உயிருடன் இல்லை.

காரைச் சீராக்குவதையும் நாங்கள் திருத்துவது என்றே சொல்கிறோம். மருமகனின் கார் இரண்டு வாரத்தில் திருந்திவிட்டது. நான் அன்று எழுதிய செய்தியை இன்றுதான் முழுமையாகத் திருத்துகிறேன்: முகாமையாளர் களவெடுக்கவில்லை. பீப்பாய் ஓட்டை. நான் தேடிப் பார்க்கவில்லை.