உப்பளத்துக்காரர் மகனும் பத்து நிபந்தனைகளும்

இந்தத் தடவை கொஞ்சம் சீரியஸான விஷயம். பி.காம் படிக்கிறவனுக்கு அமெரிக்க கிரீன் கார்டைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். பத்து மாசத்துக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணும் தெரியாது. இப்போ எங்க பெரிய முதலியார்சாவடியில ஈபி-1ஏ பத்தி நின்னு பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான்னு நினைக்கிறேன் (கேட்கத்தான் ஆள் இல்ல :-)).

ஆரம்பிச்சது ஒரு போன்ல. ராத்திரி பதினோரு மணி. பெரியப்பா மகன், அமெரிக்காவுல இன்ஜினியரா இருக்கிற அண்ணன். "தம்பி, நான் எட்டாவது படிக்கும்போது அறிவியல் கண்காட்சியில பரிசு வாங்கினேனே, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அம்மாவோட டிரங்குப் பெட்டியில இருக்கா பாருடா."

"எதுக்குண்ணே இப்போ அது?"

"நான் அசாதாரணமானவன்னு நிரூபிக்கணுமாம்."

சிரிச்சேன். அவரும் சிரிச்சார். ஆனா விஷயம் சிரிப்பு இல்ல.

அண்ணன் 2012-ல எம்.எஸ். படிக்கப் போனார். 2015-ல எச்-1பி. 2016-ல கம்பெனி அவருக்காக ஈபி-2 பிரிவில கிரீன் கார்டுக்கு மனு போட்டது. அந்தத் தேதிதான் வரிசையில அவரோட டோக்கன். வேலை அடிப்படையில அமெரிக்கா ஒரு வருஷத்துக்குக் கொடுக்கிற கிரீன் கார்டு சுமார் 1,40,000. மனைவி, குழந்தைகளும் அந்தக் கணக்குலயே வருவாங்க. அதுல எந்த ஒரு நாட்டில பிறந்தவங்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. லக்ஸம்பர்க்குக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. மத்தவங்க எடுக்காம மிச்சம் விட்டாத்தான் நமக்குக் கொஞ்சம் கூடுதல். விளைவு என்னன்னா, 2025 அக்டோபர் பட்டியல்படி ஈபி-2-ல இந்தியர்களுக்கு 2013 ஏப்ரல் தேதிக்கு முன்னாடி டோக்கன் வாங்கினவங்களுக்குத்தான் கதவு திறந்திருந்தது. அண்ணனுக்கு முன்னாடி அப்போ மூன்றரை வருஷத்துக் கூட்டம் நின்னுது. அந்த மூன்றரை வருஷம் நகர எத்தனை வருஷம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது.

காத்திருந்தா என்ன, சம்பளம்தான் வருதேன்னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டிருப்பேன், 2020 வரைக்கும்.

2020 ஆடி மாசம் பெரியப்பா தவறிட்டார். லாக்டவுன். சாவுக்கு 20 பேருக்கு மேல கூடக்கூடாது. அண்ணனோட விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தது. அங்கேயே இருந்து வேலை பார்க்கலாம், அதுல தப்பில்ல. ஆனா வெளியே வந்தா திரும்பிப் போக இங்கே தூதரகத்துல புதுசா முத்திரை வாங்கணும். தூதரகத்துல அந்த மார்ச்சுல இருந்தே வழக்கமான விசா வேலை நிறுத்திட்டாங்க. அங்கே அண்ணியும் ரெண்டு மாசக் கைக்குழந்தையும். வந்தா எப்போ திரும்புவார்னு தெரியாது. வரல. எனக்கு அப்போ பத்தாவது முடிஞ்ச வயசு. எங்க அப்பா போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்க, நான்தான் கொள்ளி வெச்சேன். வீடியோவில அண்ணன் முகம் உறைஞ்சு உறைஞ்சு வந்துச்சு. நெட்வொர்க்காலயா, அவராலயான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல.

அதனால கிரீன் கார்டுன்னா எங்க வீட்டில பணம் காசு விஷயம் இல்ல. நெனச்சப்போ வந்துட்டுப் போக ஒரு அனுமதி, அவ்வளவுதான்.

சரி, இந்த "அசாதாரணத் திறமை" என்ன சமாச்சாரம்? 1990-ல அமெரிக்கா போட்ட குடிவரவுச் சட்டத்துல வந்த பிரிவு இது. அறிவியல், கலை, கல்வி, வியாபாரம், விளையாட்டு இதுல ஏதாவது ஒரு துறையில உச்சிக்குப் போன சின்னக் கூட்டத்துல நீங்களும் ஒருத்தர்னு காட்டணும். கம்பெனி தயவு வேண்டாம், தானே மனு போடலாம். நோபல் மாதிரி பெரிய பரிசு கையில இருந்தா அது ஒண்ணே போதும். இல்லாதவங்களுக்குப் பத்து நிபந்தனை, அதுல குறைஞ்சது மூணு. துறையில பரிசு, திறமை பார்த்துச் சேர்த்துக்கிற சங்கத்துல உறுப்பினர், உங்களைப் பத்திப் பத்திரிகையில கட்டுரை, அடுத்தவங்க வேலையை நீங்க மதிப்பிட்டது, துறைக்குப் பெரிய அளவுல புதுசா கொடுத்தது, ஆய்வுக் கட்டுரை, கண்காட்சி, பேர் பெற்ற நிறுவனத்துல முக்கியப் பங்கு, மத்தவங்களைவிட அதிக சம்பளம், மேடைக் கலையில வசூல் வெற்றி. இதான் பத்து.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. ஈபி-1 வரிசையிலயும் இந்தியர்களுக்குக் காத்திருப்பு உண்டு. அதே அக்டோபர் பட்டியல்ல அது 2022 பிப்ரவரியில நின்னுது. ஆனா பழைய மனு ஒப்புதல் ஆகியிருந்தா, அந்தப் பழைய டோக்கன் தேதியைப் புது வரிசைக்கும் எடுத்துட்டுப் போகலாம். அண்ணன் கையில இருக்கிறது 2016. ஈபி-1ஏ கிடைச்சா மறுநாளே கதவுக்கு முன்னாடி நிக்கலாம். ஒன்பது வருஷம் நின்னது வீண் போகாது. அக்கவுண்ட்ஸ் படிக்கிறவனுக்கு இது ரொம்பப் பிடிச்ச இடம். பழைய பாக்கியை அடுத்த லெட்ஜருக்கு எழுதிக் கொண்டுபோற மாதிரி.

அண்ணன் என்ன வேலை பார்க்கிறார்னு சொல்லலையே. நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில நெம்மேலியில கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை இருக்கில்ல, அந்த மாதிரி ஆலைகள்ல மிஞ்சுற அடர்த்தியான உப்புத்தண்ணியை என்ன செய்யறதுங்கறதுதான் அவரோட துறை. கடல்தண்ணியில உப்பு நூத்துக்கு மூன்றரை. ஆலையில இருந்து வெளியே வர்றதுல கிட்டத்தட்ட அதுக்கு இரட்டிப்பு. அதை அப்படியே கடல்ல விட்டா அந்த இடத்து உயிர்களுக்கு ஆபத்து. "அப்பன் தண்ணியை விரட்டி உப்பு எடுத்தான், புள்ள உப்பை விரட்டித் தண்ணி எடுக்கறான்"னு பெரியப்பா சொல்லிச் சிரிப்பார்.

பெரியம்மாவுக்குப் பிறந்த ஊர் மரக்காணம். மாமனார் குத்தகைக்கு எடுத்திருந்த அளத்தைத்தான் பெரியப்பா கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டார். தை பிறந்தா, விடியறதுக்கு முன்னாடி முப்பது கிலோமீட்டர் கிட்ட பஸ்ல போவார். லீவு நாள்ல நானும் தொத்திக்குவேன். பாத்தியில நிக்கிற தண்ணியை ஒரு கை அள்ளி, விரல்ல வழிய விட்டுப் பார்த்துட்டு "நாளன்னைக்கு விழும்"னு சொல்லுவார். நாளன்னைக்கு உப்பு விழும். கம்பெனி அளத்துல இதுக்கு போமே மீட்டர்னு ஒரு கண்ணாடிக் குழாய் வெச்சிருப்பாங்க. சுமார் 25 டிகிரியில உப்பு படிய ஆரம்பிக்கும், 29, 30-ஐத் தொட்டா மிச்சத் தண்ணியைத் திறந்து விட்டுடணும், இல்லேன்னா மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். பெரியப்பா அந்தக் குழாயைத் தொட்டதே இல்ல. பக்கத்து அளத்துக்காரங்க எல்லாம் அவரைக் கூட்டிட்டுப் போய் தண்ணியைக் காட்டுவாங்க. (நிபந்தனை நாலு: அடுத்தவர் வேலையை மதிப்பிடுதல். ஆதாரம்: இல்லை.)

வேலைக்கு வருவோம். அண்ணன் எனக்குக் கொடுத்த முதல் வேலை சம்பளக் கணக்கு. அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒவ்வொரு தொழிலுக்கும் ஊர்வாரியா சம்பளப் புள்ளிவிவரம் வெளியிடுது. வக்கீல்கள் பொதுவா மேல் பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு பார்ப்பாங்களாம். எக்ஸெல்ல போட்டு அலசினா, அண்ணன் அதுக்குக் கொஞ்சம் கீழே. முதல் வேலையிலேயே அவரோட ஒரு நிபந்தனையைக் காலி பண்ணின பெருமை எனக்குத்தான் :-(

ரெண்டாவது வேலை, சிபாரிசுக் கடிதங்களுக்கான குறிப்பு தயார் பண்றது. அண்ணனோட காப்புரிமை, கட்டுரைகள், எந்த ஆலையில எது பயன்பட்டுது, எல்லாத்தையும் தேதிவாரியா அவரைச் சொல்லச் சொல்லி எழுதினேன். ஒவ்வொண்ணுக்கும் "நான் மட்டும் இல்லடா, டீம்ல அஞ்சு பேர்"னு ஆரம்பிப்பார். "அஞ்சு பேரை விடுங்கண்ணே, நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு நான் அதட்ட வேண்டியிருந்தது. நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்லி வளர்த்த பிள்ளைகிட்ட, எத்தனை லிட்டர் தளும்பினே, ரசீது எங்கேன்னு கேட்கிற பாரம் அது.

அப்போ எனக்கு ராமானுஜன் ஞாபகம் வந்தார். 1913 ஜனவரியில அவர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினப்போ இந்தப் பாரத்தை நிரப்பச் சொல்லியிருந்தா? வேலை, சென்னைத் துறைமுகத்துல கணக்குப் பிரிவு கிளார்க். சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டுன்னு அந்தக் கடிதத்துலயே எழுதியிருக்கார். எஃப்.ஏ. பரீட்சையில தோல்வி. பள்ளிப் பரிசு செல்லாது. இந்தியக் கணிதச் சங்க இதழ்ல 1911-ல இருந்து வந்த கட்டுரைகள், அதுக்கு ஒரு நிபந்தனை கொடுக்கலாம். மொத்தம் பத்துக்கு ஒண்ணு. நிராகரிப்பு! 1918-ல ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதுக்கு அப்புறம் வந்தா ஜம்முனு கிடைச்சிருக்கும். இடைப்பட்ட அஞ்சு வருஷத்துல மூளை மாறல. பார்த்துச் சொல்ல ஒரு ஹார்டி கிடைச்சார், அதுதான் மாறினது.

மூணாவது விஷயம், நான் வெட்கப்பட வேண்டியது. அண்ணனுக்கு ஒரு மெயில் வந்துச்சு. சில நூறு டாலர் கட்டினா "சர்வதேச விருது", கேடயத்தோட. இதுக்குன்னே ஒரு சந்தை இருக்கு. பணம் கொடுத்தா விருது, பணம் கொடுத்தா கட்டுரை. நான் சொன்னேன், "வாங்கிடுங்கண்ணே, பரிசுக் காலம் காலியா இருக்கு." செலவு-பலன் கணக்கு கூட போட்டு அனுப்பினேன். அண்ணன் ரொம்ப நேரம் கழிச்சு ஒரே வரி பதில் போட்டார்: "அப்பா ஈர உப்பை மூட்டை கட்ட மாட்டார்டா."

ஈர உப்பு எடை கூடும். அது அளத்துல எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல நான் பேசல.

அப்புறம் மனு போட்டார். மூணு நிபந்தனை: கட்டுரை, மதிப்பிடுதல், புதுப் பங்களிப்பு. கூடுதல் பணம் கட்டினா பதினஞ்சு வேலை நாள்ல பதில். வந்துச்சு, கூடுதல் ஆதாரம் கேட்டு. முதல் ரெண்டு சரியாம். மூணாவதுல, உங்களுக்கு நேரடிப் பழக்கம் இல்லாதவங்க உங்க வேலையை எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு காட்டுன்னு கேட்டிருக்காங்க. மூணு தேறினாலும் போதாது. 2010-ல கசாரியன்னு ஒரு இயற்பியல்காரர் போட்ட வழக்குல, சட்டத்துல இல்லாத நிபந்தனையை அதிகாரிங்க தானா சேர்க்கக் கூடாதுன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. ஆனா பத்துல ரெண்டுதான் தேறுதுன்னு அவரோட மனுவை நிராகரிச்சது சரின்னும் சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்புக்கு அப்புறம்தான் முதல்ல எண்ணிக்கை, பிறகு மொத்தமா எடைபோடறதுன்னு ரெண்டு படி ஆச்சு. இப்போ அண்ணன் முன்பின் தெரியாத ஆலை இன்ஜினியர்களுக்கு மெயில் எழுதிக்கிட்டு இருக்கார். நான் பட்டியல் வெச்சு டிக் அடிக்கிறேன். பதில் கொடுக்க பன்னிரண்டு வாரம்தான்.

இந்த நேரத்துல, 2025 செப்டம்பர்ல, டிரம்ப் "கோல்டு கார்டு"ன்னு ஒரு உத்தரவு போட்டார். அமெரிக்க அரசுக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தா, அதையே அசாதாரணத் திறமைக்கு ஆதாரமா எடுத்துக்கலாமாம். நம்ம காசுல ஏறத்தாழ ஒன்பது கோடி. அண்ணனுக்கு அனுப்பினேன். "ஈர உப்புக்கும் ரேட் வந்துடுச்சு"ன்னு பதில் வந்துச்சு.

சென்னையில பிறந்து ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச பெர்ப்ளெக்சிட்டி அரவிந்த் ஸ்ரீனிவாஸே, மூணு வருஷமா கிரீன் கார்டுக்குக் காத்திருக்கேன்னு 2024 கடைசியில வெளிப்படையா எழுதினார். கம்பெனி முதலாளிக்கே அந்த நிலைமைன்னா, உப்புத்தண்ணி இன்ஜினியர் எம்மாத்திரம்னு தோணும். ஆனா இத்தனை மாசம் இந்த ஃபைலோட குடித்தனம் நடத்தினதுல எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. திறமையை அளக்க அவங்களுக்கு வேற வழி இல்ல. ஆயிரக்கணக்குல மனு வரும்போது ஒவ்வொருத்தர் பாத்தியிலயும் கையை விட்டுப் பார்க்க முடியாது, குழாயைத்தான் விட்டுப் பார்க்கணும். அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா குழாய் காட்டாததெல்லாம் இல்லைன்னு நாமளும் நம்ப ஆரம்பிச்சா அதுதான் ஆபத்து. அண்ணன் ஒரு கட்டத்துல அப்படி நம்பிட்டார். "நிஜமாவே நான் சாதாரண ஆள்தான் போலடா"ன்னு ஒரு ராத்திரி சொன்னார். எட்டாவது படிக்கும்போது பேப்பர்ல வந்த போட்டோவைத் தேடச் சொன்னதுக்குக் காரணம் அந்தப் பயம்தான்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

அந்தப் போட்டோ கிடைச்சுது. டிரங்குப் பெட்டியில, ரேஷன் கார்டுக்கு அடியில. வக்கீல் வேண்டாம்னுட்டார், பள்ளிக்கூடப் பரிசு எடுபடாது. நான் ஸ்கேன் பண்ணி அண்ணனுக்கு மட்டும் அனுப்பினேன். பரிசு வாங்குற பையனுக்குப் பின்னாடி, ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு, பெரியப்பா நிக்கிறார். வெள்ளைச் சட்டை. அளத்துக்கு அன்னைக்கு லீவு போட்டிருப்பார்.

பெரியம்மாவுக்கு ஈபி-1, ஈபி-2 எதுவும் தெரியாது. வாரம் ஒரு தடவை என்கிட்ட ஒரே கேள்விதான். "ஏன் கண்ணு, இந்தத் தையிலயாவது அவன் வருவானா?"

"மூணாவது ஒண்ணு பாக்கி இருக்கு பெரியம்மா"ன்னு சொல்றேன். அவங்களும் என்னமோ புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கறாங்க.

உங்க வீட்டிலயும் இப்படி வரிசையில நிக்கிறவங்க இருந்தா சொல்லுங்க. எக்ஸெல் ஷீட் ரெடியா இருக்கு, இலவசமா தர்றேன் :-)