தேய்ந்த தோள்

நாம் கரக்பூருக்கு மாற்றலாகி வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. பார்சல் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். நாள்தோறும் மூட்டைகளையும் பெட்டிகளையும் நிறுத்து எடை எழுதுவதே நம் தொழில். அவ்வாறிருந்தும், நம் வீட்டிலேயே ஒருவருடைய எடை மாதா மாதம் குறைந்து வந்ததைக் கவனியாதிருந்துவிட்டோம். அந்தக் குற்றத்தை ஒளியாமல் எழுதினால் நம் சங்கத்துக் குடும்பங்களில் எவருக்கேனும் பயன்படும் என்று கருதியே இதை எழுதத் துணிந்தோம்.

நம் தந்தையார் விழுப்புரம் பக்கத்தில் 32 ஆண்டுகள் ரெயில் பாதையில் கேங்மேனாக உழைத்தவர். தண்டவாளமும் சம்மட்டியும் சுமந்த அவருடைய தோள்களைக் கண்டு சிறு வயதில் நாம் பெருமை கொண்டதுண்டு. பீடிப் பழக்கமும் இருந்தது. தாயார் காலமான பின், 2022-ம் ஆண்டில் அவரை இங்கே அழைத்து வந்தோம். அதற்கு முன்பே அவருக்கு நுரையீரலில் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் கண்டிருந்தது.

நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். “அப்பா, நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம்; எல்லாம் கட்டிலுக்கே வரும்” என்றோம். கஞ்சியும் ரசஞ்சாதமும் கட்டிலுக்கே போயின. பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை அதுவே என்று நினைத்தோம்.

ஒரு நாள் அவரைக் குளிப்பாட்டுகையில், அரைஞாண் கயிறு இடுப்பில் நில்லாமல் நழுவியது. உற்றுப் பார்த்தால், அதற்கு முன்பே இரண்டு முறை அவர் அதை இறுக்கி முடிந்திருக்கிறார்! நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தோம். வந்தபோது 61 கிலோ இருந்தவர் 49 கிலோவாகிவிட்டிருந்தார்.

“வயதும் வியாதியும் சேர்ந்தால் மெலிவது இயல்புதானே?” என்று கேட்டோம். டாக்டர் அம்மையார் அதை ஒப்பவில்லை. முதலில் காசநோய் முதலியவை இல்லையென்று சோதித்துத் தெளிந்தார். பிறகு நமக்கு விளங்கும்படி சொன்னார்.

தசை என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவரன்று. அதிலுள்ள புரதம் நாள்தோறும் சிதைகிறது. நாள்தோறும் புதிதாக உண்டாகிறது. நம் பார்சல் கொட்டகையில் வரவும் பட்டுவாடாவும் நடப்பது போலத்தான். இரண்டும் சமமாயிருக்கும் வரையில் இருப்புக் குறையாது. நாட்பட்ட நோயிலோ வரவு சுருங்கிச் செலவு பெருகுகிறது. நோயின் அழற்சியால் இரத்தத்தில் கலக்கும் சில பொருள்கள் பசியை மந்தமாக்கித் தசைப் புரதம் சிதைவதை விரைவுபடுத்துகின்றன. அழிக்க வேண்டிய புரதத்தின்மீது உயிரணுக்கள் ‘யுபிகுவிட்டின்’ என்னும் சிறு அடையாளத்தை ஒட்டுகின்றனவாம், நாம் பார்சலுக்குச் சீட்டு ஒட்டுவது போல! இதைக் கண்டறிந்த சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் என்னும் மூவருக்கு 2004-ல் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் உடம்பில் இந்தச் சீட்டு ஒட்டும் வேலை அளவு மீறி நடக்கிறது.

இவை போதாவென்று, மூச்சு நோயாளிக்கு ஒவ்வொரு மூச்சும் ஓர் உழைப்பாகையால் சாப்பிட்ட ஆகாரம் அதற்கே செலவாகிறது. வேலையில்லாத தசையை உடம்பு காப்பாற்றுவதுமில்லை. தொடைகள் தேயத் தேய நடை குறைகிறது. நடை குறையக் குறைய தொடைகள் மேலும் தேய்கின்றன. இருதயம், சிறுநீரகம் முதலியவற்றின் நாட்பட்ட நோய்களிலும், புற்றுநோயிலும் இத்தகைய தேய்வு உண்டு.

இதைக் கேட்டு நாம் தலை குனிந்தோம். நாம் மரியாதை என்று எண்ணிக் கொடுத்த கட்டிலும் கஞ்சியும் அல்லவா நோய்க்குத் துணை நின்றன!

அன்று தொடங்கி, டாக்டர் சொன்ன முறைப்படி, தந்தையார் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருவார். பின்னர் அது 10 ஆயிற்று. கொஞ்சங் கொஞ்சமாகப் பல வேளை ஆகாரம்: முட்டை, மீன், பருப்பு, தயிர். அடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கும் பீகார்க்கார அம்மாள் வறுத்த கடலை மாவை மோரில் கரைத்துக் கொடுக்கக் கற்பித்தார். “மேஸ்திரி மாதிரி நின்று எண்ணுகிறாயேடா!” என்று தந்தையார் சிரித்த அன்றுதான் நமக்கு உயிர் வந்தது.

8 மாதங்களில் 3 கிலோ கூடியது. போன 12 கிலோவும் திரும்பவில்லை. மூச்சு நோயும் தீரவில்லை. ஆயினும், 1072 மீட்டர் நீளமுள்ள நம் ஊர்ப் பிளாட்பாரத்தில் ஒரு பகுதியையேனும் தாமே நடந்து, வண்டி பார்த்துவிட்டு வருகிறார்.

அன்பர்களே! வீட்டில் நாட்பட்ட நோயாளி இருந்தால் மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஓராண்டுக்குள் நூற்றுக்கு 5 பங்கு தானாகக் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தை நாமாகக் கூட்டுவது கூடாது; உடற்பயிற்சியையும் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

சென்ற வாரம் தந்தையாரின் அரைஞாணில் ஒரு முடிச்சை அவிழ்த்து, சற்றுத் தளர்த்திக் கட்டினோம்.