வைக்கோல் கன்று

அம்மாயி வீட்டுக் கட்டுத்தறியில் ஒரு கன்றுக்குட்டி நின்றது. பிறந்து சில நாளில் செத்துப்போன காளைக்கன்று அது. தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, கால்களுக்கு நான்கு குச்சி கொடுத்திருந்தார்கள். கறக்கும் நேரத்தில் அம்மாயி அதைத் தூக்கிவந்து மாட்டின் முகத்தருகே சாய்த்துவைப்பார். மாடு முகர்ந்துவிட்டு நக்கத் தொடங்கும். நக்க நக்க மடி சுரக்கும். செம்பில் நுரை கட்டி எழும். முதல் டம்ளர் எனக்குத்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

ஒருநாள் கறந்து முடித்த பிறகு அந்தக் கன்றைத் தொட்டுப் பார்த்தேன். தினமும் ஒரே இடத்தை நக்கியதில் கழுத்துப் பக்கம் மயிரெல்லாம் உதிர்ந்து தோல் வெளுத்திருந்தது. அந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

கறியை நான் இருபத்து நான்கு வயதில் விட்டேன். பெரிய சிரமம் இல்லை. பாலை விட நாற்பத்திரண்டு வயதாயிற்று. நம் பேச்சு வழக்கிலேயே மாடு பால் 'கொடுக்கிறது'. 'மாடு எத்தனை லிட்டர் கொடுக்குது?' என்றுதான் கேட்கிறோம். கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு என்று நானும் அத்தனை வருடம் நினைத்திருந்தேன். மாடு கொடுத்தது கன்றுக்கு. அந்த ஈரக் கழுத்தைத் தொட்ட விரலுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கன்று போட்டால்தான் பால். அதனால் முடிந்தால் வருடம் ஒரு சினை ஊசி, ஒரு ஈத்து. பிறப்பதில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் காங்கேயம் காளைக்கன்று பிறந்தால் கொண்டாட்டம். ஏருக்கு, கிணற்றில் இறைக்கும் கவலைக்கு, வண்டிக்கு ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். இன்று உழவுக்கு டிராக்டர், தண்ணீருக்கு மோட்டார். கலப்பினக் கன்றுக்குத் திமிலும் இல்லை, நம் வெயிலில் நாள் முழுக்க இழுக்கும் தெம்பும் இல்லை. அதைப் பட்டினி போடாமல் வளர்க்க எந்தச் சம்சாரிக்கும் கட்டுப்படியாகாது.

பொள்ளாச்சிச் சந்தைக்கு ஒருமுறை மாமாவோடு போயிருக்கிறேன். தரகரும் மாமாவும் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே விலை பேசினார்கள். வாய் திறக்கவில்லை. பால் வற்றிய எங்கள் மாடு பக்கத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. துண்டை எடுத்தபோது அது எங்களுடையது இல்லை. சாயங்காலம் அதை அடிமாடாக ஏற்றிக்கொண்டு லாரி பாலக்காட்டுப் பக்கம் கிளம்பியது. பால் உற்பத்தியில் 1998 முதல் உலகில் முதலிடம் நமக்கு. உலகப் பாலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இங்கே கறக்கப்படுகிறது. எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் நாம்தான் முன்வரிசை. பாலும் இறைச்சியும் புறப்படுவது ஒரே கட்டுத்தறியிலிருந்து. கறியை விட்டுவிட்டுப் பாலை மட்டும் குடித்துவந்த என் கணக்கு அந்த இடத்தில்தான் உதைத்தது.

இந்தத் தடுமாற்றத்தில் எனக்குத் துணை வந்தவர் காந்தி. கல்கத்தாவில் கறவை மாடுகள் படும் பாட்டை விவரித்த பிரசுரங்களைப் படித்திருந்த அவர், 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலைக் கைவிட்டார். கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காக மாட்டின் பிறப்புறுப்பில் காற்றை ஊதும் 'பூக்கா' என்ற கொடுமை அன்று நடந்துவந்தது. அதையும், மாட்டின் உடம்பைக் கெடுக்கும் பால் சுரப்பு ஊசிகளையும் தடைசெய்ய 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு தனிப் பிரிவே வைக்க வேண்டியிருந்தது.

1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அலைந்தபோது காந்தி சாகும் நிலைக்குப் போனார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்றார் மருத்துவர். சத்தியம் செய்திருக்கிறேன் என்றார் இவர். ஆட்டுப்பாலுக்கு அந்தச் சத்தியம் பொருந்தாதே என்று கஸ்தூரிபா வழி சொன்னார். காந்தி குடித்தார், பிழைத்தார். சத்தியத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உட்பொருளைக் கைவிட்டுவிட்டேன் என்ற வேதனை அவருக்குக் கடைசிவரை தீரவில்லை; 'சத்திய சோதனை'யில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதே கேடா மாவட்டத்தின் ஆனந்த் ஊரில்தான் 1946-இல் பால் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்கு அதுதான் முன்மாதிரி.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாயியின் மாடு வைக்கோலும் சோளத்தட்டும் தின்றது. மனிதன் தின்ன முடியாததைத் தின்று வளர்ந்தது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். இன்று அதே காட்டில் போர்வெல் தண்ணீர் பாய்ச்சிக் கோ-4 தீவனப்புல் நிற்கிறது. முன்பு அங்கே விளைந்த சோளத்தை நாங்கள் சாப்பிட்டோம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு 119 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் விவரங்களைத் திரட்டியது. உலகின் விவசாய நிலத்தில் 83 விழுக்காடு கால்நடை சார்ந்த உணவுக்கே போகிறது, அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் கலோரி 18 விழுக்காடுதான் என்றது அது. மாடு அசைபோட்டு ஏப்பம் விடும்போது வெளியேறும் மீத்தேன், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது.

பாலை விட்டால் எலும்பு என்னாகும் என்று அம்மா பயந்தார். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை எல்லாவற்றிலும், எடைக்கு எடை பார்த்தால், பாலைவிடச் சுண்ணாம்புச் சத்து அதிகம். பி12 வைட்டமின் விஷயம் வேறு. அதைச் செய்வது நுண்ணுயிர்கள். செடிகொடியை நம்பி இருக்க முடியாது. நான் மாத்திரை போடுகிறேன், வருடம் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

என் தாத்தா, அப்புச்சி, போன பிறகு அம்மாயி இரண்டு பெண்களை வளர்த்தது பால் காசில். வாராவாரம் சொசைட்டியில் வாங்கிய அந்தக் காசில்தான் என் அம்மா பள்ளிக்கூடம் போனார். அவர் இன்று இருந்தால் அவர் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. மாதச் சம்பளம் வாங்கி, விரும்பியதைக் கடையில் எடுத்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களிடம்தான் சொல்கிறேன். நமக்கு வேறு வழி இருக்கிறது.

போன மாதம் சித்தி மகள் கூப்பிட்டாள். இப்போது அந்தக் கட்டுத்தறியைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"அக்கா, மாடு கன்னு போட்டிருச்சு."

"என்ன கன்னு, கண்ணு?"

சற்றுப் பொறுத்துத்தான் சொன்னாள். "காளக்கன்னுங்க்கா." பிறகு, "சீம்பால் நெறைய இருக்குது, கொடுத்து விடட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. கன்னு குடிக்கட்டும்."

போனில் அவளுக்குப் பின்னால் மாடு அடித்தொண்டையில் மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஈன்ற மாடு தன் கன்றைக் கூப்பிடும் குரல் அது. அவள் பேசி முடித்த பிறகும் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.