பெயர் இருந்த பக்கம்



ஜப்பானில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தி, ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வாளைப் பற்றி எழுதியிருந்தாள். “ஐயா, 14-ஆம் நூற்றாண்டு வாளாம். வெட்டிக் குறைத்திருக்கிறார்களாம். இவ்வளவு அருமையான பொருளை யாராவது வெட்டுவார்களா?” என்று கேட்டிருந்தாள். எல்லோருக்குமாகவே பதில் எழுதுகிறேன்.

குதிரைமேல் இருந்து போரிட நீண்ட வாள் வேண்டியிருந்தது. பிறகு தரையில் நின்று போரிடும் காலம் வந்தது. இடுப்புக் கச்சையிலிருந்து சட்டென்று உருவ நீள வாள் தோதுப்படவில்லை. நல்ல வாளைத் தூக்கிப் போட மனம் வருமா? குறைத்துக்கொண்டார்கள்.

நுனியில் கை வைக்க மாட்டார்கள். பதம் ஏற்றிய நுனி போனால் வாளே போயிற்று. பிடிப் பக்கம்தான் வெட்டுவார்கள். ஆனால் கொல்லர் தம் பெயரைப் பொறிப்பது அங்கேதான், பிடிக்குள் மறையும் காம்பில். வாள் பிழைத்தது, செய்தவர் பெயர் போயிற்று. சிலர் மட்டும் பெயர் இருந்த துண்டை எடுத்துப் புதுக் காம்பில் பதித்து வைத்தார்கள். மற்ற வாள்களை ஹோனாமி என்ற குடும்பத்தார் பார்த்து, இரும்பையும் பதத்தையும் வைத்தே இன்னார் வேலை என்று சொல்லுவார்கள். ஃபுகுவோகா வாளில் ஹசெபே குனிஷிகே என்ற பெயர் அப்படித்தான் தங்கத்தில் ஏறியது.

வேறு விதமும் உண்டு. 1560-இல் ஓடா நொபுனாகா, தன்னிடம் தோற்று மாண்ட இமாகவா யோஷிமோட்டோவின் வாளைக் கைப்பற்றினார். அதைக் குறைத்து, தன் பெயரையும் அந்த நாளையும் தங்கத்தில் பதித்துக்கொண்டார்.

நம் தஞ்சாவூரிலும் இது நடந்ததுதான். அங்கே செய்த கட்டாரிகள் பலவற்றின் அலகு, பறங்கியர் வழியாக வந்த ஐரோப்பிய நீள வாள்களிலிருந்து வெட்டி எடுத்தது. 1855-இல் கடைசி அரசர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. ஏராளமானவை உடைத்துப் பழைய இரும்பாகப் போயின. தப்பியவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அம்மா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். வேண்டியவன்தான் வெட்டிக் குறைப்பான். வேண்டாதவன் எடைக்குப் போடுவான். குறைப்பதில் தவறில்லை, போகிற பெயரை எங்காவது எழுதி வைத்தால் போதும்.

உறவுகளுக்கு இதில் ஒரு சேதி உண்டு. வேங்கிக்கால் வீட்டில் உள்ள பித்தளைத் தவலையின் வாய் விண்டுபோனபோது, கன்னார் ஒரு விரல்கடை வெட்டி மடித்துக் கொடுத்தார். இன்றும் தீபத்துக்கு வருகிறவர்களுக்கு வெந்நீர் அதில்தான். ஆனால் பெயர் வெட்டியிருந்ததும் அந்த வாயில்தான். அது தன் தாயார் கொண்டு வந்த சீர் என்கிறார் அத்தை. தன் கல்யாணச் சீர் என்கிறார் பெரியம்மா. அத்தைக்கு வயது 91, பெரியம்மாவுக்கு 88. தவலையை எடுத்துப்போக இருவருக்கும் ஆசையில்லை. தங்கள் வீட்டார் வாங்கிக் கொடுத்தது மறந்துவிடக் கூடாது என்பதே இருவர் கவலையும்.

ஆகவே, பழைய பாத்திரத்தைக் கடையில் போட்டுப் புதுசு மாற்றுமுன் அதிலுள்ள பெயரைப் படம் எடுத்து வையுங்கள். யார், எந்த வருடம், எந்த ஊர் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். இந்தக் கார்த்திகைக்கு வரும்போது அந்தக் குறிப்பையும் கொண்டு வாருங்கள். தவலைக்கு இரண்டு பேர் சொல்லும் கதையையும் நான் நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.