வால் வெட்டிய கார்கள்

தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி ரோட்டுக்கும் ஜிஎஸ்டி வரிக்கும் சம்பந்தம் கிடையாது. முன்னது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, வெள்ளைக்காரன் வைத்த பெயர். பின்னது 2017-ல் வந்தது. ஆனால் அந்த ரோட்டில் ஓடும் கார்களின் உடல்வாகைத் தீர்மானிப்பதில் வரிக்கும் ஒரு கை உண்டு. அடுத்த முறை பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொள்ளும்போது (எப்படியும் மாட்டுவீர்கள்) முன்னால் நிற்கிற வண்டிகளின் பின்புறத்தைக் கவனியுங்கள். பல வண்டிகள், வாழைத்தண்டைக் கத்தியால் நறுக்கினதுபோலச் சட்டென்று முடிந்திருக்கும்.

நறுக்கியது நிதியமைச்சகம். 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4 மீட்டருக்கு மிகக் கூடாது. என்ஜின் பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி வரைதான். அவ்வளவுதான், கம்பெனிகள் டெய்லர் மாதிரி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டன. டாடா இண்டிகோவின் டிக்கியைக் கத்தரித்து 2008-ல் 'சிஎஸ்' வந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்து 2013-ல் விற்பனைக்கு வந்த இகோஸ்போர்ட்டின் நீளம் 3999 மில்லிமீட்டர். ஒரே ஒரு மில்லிமீட்டர் நாணயமாக மிச்சம். அந்த விதி இன்னும் சாகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் அடங்கினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40.

எஸ்யூவிக்குத் தனிக் கணக்கு. 2013-ல் அதற்கு வரியை ஏற்றியபோது, தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே 170 மி.மீ. இடைவெளி என்பதும் எஸ்யூவிக்கு ஓர் இலக்கணமாக இருந்தது. உடனே அடிவயிற்றைத் தாழ்த்தின வண்டிகளும் வந்தன! நம்மூர் ஸ்பீடு பிரேக்கர்கள் எந்த கெஜட்டையும் படிப்பதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இந்தக் களேபரத்தில் காணாமல் போன ஒரு ஜாதி எஸ்டேட் கார். எஸ்டேட் என்றதும் உங்களுக்குக் கோத்தகிரித் தேயிலைத் தோட்டம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. இங்கிலாந்தில் பண்ணை வைத்திருந்த துரைமார்கள் நாய், துப்பாக்கி, விருந்தாளி எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போன வண்டி. அமெரிக்காவில் ரயிலடியிலிருந்து பெட்டி படுக்கையோடு ஆட்களைக் கூட்டி வந்ததால் அதற்கு ஸ்டேஷன் வேகன் என்று பெயர். சாதாரண செடான்தான். கூரையை மட்டும் கடைசிவரை இழுத்து, டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன அறையே கட்டியிருப்பார்கள்.

இது நமக்குப் புதிதுமில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் தாண்டினதும் ஐ.டி. கட்டடங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கின்றன அல்லவா, அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1949-ல் வேன்கார்டில் ஆரம்பித்தார்கள். பிறகு ஹெரால்டு, கெஸல். கடைசியில் எண்பதுகளில் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் போட்டார்கள். அது போகவில்லை, 1988-ல் கதை முடிந்தது. அந்த ஹெரால்டுக்குக் 'கம்பானியன்' என்று ஓர் எஸ்டேட் தம்பி உண்டு. ஆமாம், நம்ம வண்டலூர் பக்கத்தில் தயாரானது. என்ஜின் 948 சிசி, நீளம் 4 மீட்டருக்குள். இன்றைக்கு வந்திருந்தால் 18 சதவீதத்திலேயே பாஸாகியிருக்கும். எனவே பழி முழுவதையும் வரிமேல் போட்டுவிட முடியாது.

பின்னால் வந்தவர்களும் முயன்று பார்த்தார்கள். 1992-ல் டாடா எஸ்டேட், அப்புறம் மாருதி பலேனோ ஆல்டுரா, 2004-ல் இண்டிகோ மரினா. எதுவும் நிலைக்கவில்லை. காரணத்தைத் தெருவில் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "என்ன சார், அமரர் ஊர்தி மாதிரி இருக்கு?"

இதையே போன வருஷம் என் மைத்துனரிடம் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். மைத்துனருக்கு முடிச்சூரில் ஃபிளாட். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கையில் கொஞ்சம் காசு சேர்ந்து, நல்லதாக ஒரு கார் வாங்கலாம் என்று தீர்மானம். இரண்டு வண்டிகள் பைனலுக்கு வந்தன. ஒன்று, ஜிஎஸ்டி ரோட்டிலேயே இன்னும் தெற்கே மகிந்திரா சிட்டியில் பூட்டப்படும் பிஎம்டபிள்யூ எக்ஸ்1. நாலரை மீட்டர், புதுசு. இன்னொன்று, பாதி விலைக்குக் கிடைத்த ஒரு பழைய வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி. 2017-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 60 லட்சம். இப்போது புதிதாக விற்பதில்லை. ஐந்து மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர்தான் குறைவு. பின்னால் 560 லிட்டர் இடம், அரிசி மூட்டையோடு அரிசி வியாபாரியையும் படுக்க வைக்கலாம்.

எனக்கு வால்வோ பிடித்திருந்தது. சொல்லவும் சொன்னேன். திருநெல்வேலிக்குப் போகிறவனுக்கு எஸ்டேட்டைவிட நல்ல வண்டி கிடையாது; உயரம் குறைவு, வளைவில் ஆடாது, நாலு பேர் சாமான் தாராளமாகப் போகும். அதுவும் இந்த கிராஸ் கன்ட்ரிக்கு அடியில் 210 மி.மீ. இடைவெளி. பல எஸ்யூவிகள் வெட்கப்பட வேண்டும்.

"மாமா, தண்ணி வந்தா?" என்றார் மைத்துனர்.

முடிச்சூர்க்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். 2015 டிசம்பர் 1 அன்று பிடித்த மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு முடிச்சூர், வரதராஜபுரத்துக்குள் நடந்து வந்தது. வீதியில் படகு போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வந்தது. மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வெள்ளத்தில் வண்டி சாவது, அடிவயிறு நனைவதால் அல்ல. என்ஜின் மூச்சு இழுக்கும் குழாயின் வாய் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னால் எங்கேயாவது இருக்கும். அதற்குள் தண்ணீர் புகுந்து சிலிண்டருக்குப் போனால் தீர்ந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது; மேலே வருகிற பிஸ்டன் சுவரில் மோதினாற்போல நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே எஸ்யூவியோ எஸ்டேட்டோ, நின்ற வண்டியைத் தண்ணீருக்குள் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாதாரண இன்ஷூரன்ஸில் அப்படி ஸ்டார்ட் செய்து கெட்ட என்ஜினுக்குப் பணம் தர மறுப்பார்கள். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு இணைப்பு விற்கிறார்கள், தென்சென்னைவாசிகள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. 2015 போல வந்தால் எக்ஸ்1-ம் மிதக்கும், வி90-ம் மிதக்கும். அதை வைத்துத் தேர்ந்தெடுக்காதே என்றேன்.

பிறகு ஃபிளாட்டின் பார்க்கிங்கில் டேப் வைத்தோம். கோட்டுக்குக் கோடு ஐந்து மீட்டர். வால்வோவை மூக்கு சுவரில் படாமல் நிறுத்தலாம். அதற்கப்புறம் டிக்கியைத் திறக்க அடுத்த வீட்டு ஆக்டிவாவை நகர்த்த வேண்டும். இது பெரிய விஷயமில்லை என்று நீங்கள் நினைத்தால், உங்கள் அசோசியேஷன் செக்ரட்டரியை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் நிஜமான பரீட்சை அத்தைதான். என் மாமியாருக்கு எண்பத்தொன்று. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், மாதம் இரண்டு தடவை குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். கூடவே மடக்கு வீல்சேர். இரண்டு வண்டிகளையும் பார்க்க அவரையும் அழைத்துக்கொண்டு போனோம். வால்வோவின் கதவைத் திறந்ததும், "ஏம்ப்பா, இதுல ஏறணுமா, எறங்கணுமா?" என்று கேட்டார்.

எந்த மோட்டார் பத்திரிகையும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. தாழ்ந்த காரில் நாம் இறங்குகிறோம், பெரிய ஜீப்பில் ஏறுகிறோம். இந்தக் குட்டி எஸ்யூவிகளில் சீட்டு ஏறக்குறைய இடுப்பு மட்டத்துக்கு வருவதால் சும்மா திரும்பி உட்கார்ந்தால் போதும். வால்வோவிலும் அத்தை உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும்போதுதான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. எக்ஸ்1-ல் தானே கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

வீல்சேருக்கு நேரெதிர் கதை. வால்வோவின் பின்தளம் தாழ்வு, நாற்காலி மடக்கியபடியே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எக்ஸ்1-ல் இன்னும் நாலு விரல்கடை கூடத் தூக்க வேண்டும். தூக்க வேண்டியவருக்கு டிஸ்க் பிரச்னை, பெல்ட் போட்டிருக்கிறார். அம்மா முழங்காலா, மகன் முதுகா? ஷோரூமிலிருந்து திரும்பும்போது மைத்துனர் பல்லாவரம் வரை பேசவில்லை.

"எனக்காகப் பாக்காதடா, நான் இன்னும் எத்தனை நாளைக்கு" என்று அத்தை பின்சீட்டிலிருந்து ஆரம்பித்தார். "நீ சும்மா இரும்மா" என்றார் மைத்துனர்.

எக்ஸ்1-தான் வாங்கினார். இரும்பு வீல்சேரைக் கொடுத்துவிட்டு, எடை குறைந்த அலுமினிய நாற்காலி ஒன்று வாங்கினார்கள். காரின் விலையோடு பார்த்தால் அது சில்லறை. ஆஸ்பத்திரி வாசலில் அதை இறக்குவது இப்போது காலேஜ் படிக்கிற பேரன். பேரனுக்குக் கிளாஸ் இருக்கிற நாட்களில் மைத்துனர் பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொள்கிறார்.

அந்த வால்வோ இரண்டு வாரத்தில் விற்றுப்போய்விட்டது. வாங்கியவர் யாரோ, கேளம்பாக்கம் பக்கம், இரண்டு பெரிய நாய் வளர்க்கிறாராம்.