அப்பாவின் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுக்கும் முன்

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அப்பாவின் கம்ப்யூட்டரைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டாகவே இருக்கிறது, கடைக்காரர் பார்த்துவிட்டு "கொண்டாங்க, ஃபார்மேட் பண்ணிப் பார்ப்போம்" என்கிறார். கொடுத்துவிடாதே. ஃபார்மேட் என்றால் ஹார்ட் டிஸ்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. நம் மெஷின் விண்டோஸ் வரைக்கும் போகவே இல்லையே! அதற்கு முந்தின படியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கோளாறுக்கு ஃபார்மேட் மருந்தே இல்லை. அப்பா எழுதியதெல்லாம் போய்விடும், திரை அப்போதும் இருட்டாகத்தான் இருக்கும்.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது தாத்தா ரங்கூனிலிருந்து நடந்தே வந்த கதையை அப்பா நமக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறார். முழுதாக எழுதியது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோதாவது நான் எடுத்திருக்கலாம். அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

போனில் சொன்னால் பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தாளைப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்.

முதலில் ஒயரைச் சுவர் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடு. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடி, போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றினால் பக்கத்துத் தகடு நகரும். உள்ளே எதையும் தொடுமுன் பெட்டியின் வெறும் இரும்பை ஒரு தரம் தொட்டுவிடு. நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரமே சிப்பைச் சாகடிக்கும். ஃபேன் வைத்த இரும்புப் பெட்டி ஒன்று தனியாக இருக்கும், எஸ்எம்பிஎஸ். அதை மட்டும் திறக்காதே. கரண்ட் இல்லாதபோதும் உள்ளே ஷாக் வைத்திருக்கும்.

போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்கை முதலில் வெளியே எடுத்துவிடு. இரண்டு ஒயர், நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான். ஒயரை ஆட்டி இழுக்காமல் நேராகப் பிடுங்கு. பிளாஸ்டிக் பையில் போடாதே. காகிதத்தில் சுற்றி, அம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டு. கை தவறிக் கீழே விழுந்தால் எல்லாம் போச்சு. இனிமேல் அந்தப் பெட்டியை எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் கொடு, எனக்குக் கவலையில்லை. டிஸ்க் இல்லாமலும் மெஷின் திரையில் எழுத்துக் காட்ட வேண்டும், 'பூட் டிஸ்க் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியாவது வரும். அதுகூட வராவிட்டால் கோளாறு வேறெங்கோ என்று அர்த்தம்.

என் சந்தேகம் போர்டில் செருகியிருக்கும் ரேம் பட்டை மேல்தான். பத்து மாதம் ஒருவரும் தொடாமல் கிடந்த மெஷின். மழைக்கால ஈரத்தில் ரேமின் பொன்னிறப் பற்களில் மாசு ஏறிக்கொண்டால் தொடர்பு விட்டுப்போகும். ஃபேன் சுற்றும், திரை வராது. இரண்டு முனையிலும் உள்ள கிளிப்பை வெளிப்புறமாக அழுத்தினால் பட்டை மேலே எழும்பும். பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய், தூளை ஊதாமல் உலர்ந்த துணியால் துடை. ஊதினால் எச்சில் ஈரம் படும். திரும்பப் போடுமுன் ஒரு காரியம் செய். பிளக்கைச் செருகி, ரேம் இல்லாமலே ஒரு தடவை போட்டுப் பார். உள்ளே சின்ன ஸ்பீக்கர் இருந்தால் பீப், பீப் என்று விடாமல் கத்தும். கேட்டால் சந்தோஷப்படு, ரேமைக் காணோம் என்று போர்டு புகார் சொல்கிறது, ஆகவே போர்டு சாகவில்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பள்ளம் பொருந்துகிறதா பார்த்து, இரண்டு கிளிப்பும் 'டக்' என்று விழும்வரை ரேமை அழுத்து. இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்.

போர்டில் ஒரு ரூபாய் அளவில் வட்டமான செல் இருக்கும், சிஆர் 2032. வாட்ச் கடையில் கிடைக்கும். பிளஸ் குறி மேலே இருக்கும்படி மாற்றிவிடு. தேதியையும் மற்ற செட்டிங்கையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். மாற்றியதும் ஏதோ பழைய வருஷத்தைக் காட்டும், பயப்படாதே. அப்படியே டார்ச் அடித்து போர்டிலுள்ள சின்னச் சின்ன உருளைகளின் தலையைப் பார். ஏதாவது உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ படம் எடுத்து அனுப்பு. அப்படியானால் கடைக்காரர் சொன்னதில் 'கொண்டாங்க' என்ற பாதி மட்டும் சரி.

மெஷின் எழுந்தாலும் எழாவிட்டாலும் அடுத்த சனிக்கிழமை நான் வருகிறேன். டிஸ்கை என் லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாகப் போட ஒரு அடாப்டர் வாங்கியிருக்கிறேன். மேசைக் கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும், வெறும் யுஎஸ்பி ஒயரால் அது சுற்றாது. அதற்குள் யாராவது வேறு மெஷினில் மாட்டி, 'இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்யவா' என்று திரை கேட்டால், கேன்சலைத் தவிர எதையும் அழுத்த விடாதே. டிஸ்க் டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே கரண்டை நிறுத்தச் சொல்.

ஒருவேளை உனக்கே மெஷின் எழுந்துவிட்டால், டிஸ்கைத் திரும்ப மாட்டி, அப்பாவின் ஃபைலோடு விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் பென் டிரைவில் போட்டுக்கொள். அவர் கடைசிவரை பாமினியில்தான் அடித்தார். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அவர் எழுதியதெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். 'அம்மா' என்ற சொல்லே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடாதே. பாமினியைப் போட்டால் தமிழாகிவிடும். யூனிகோடுக்கு மாற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாற்றியதும் பெரிய எழுத்தில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும். தாத்தா நடந்து வந்த வழியில் எந்த ஊரில் யார் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருப்பதாக அப்பா ஒருமுறை சொன்னார்.

ரேமை எடுத்துவிட்டுப் போட்டபோது சத்தம் வந்ததா, வரவில்லையா என்பதை மட்டும் நாளைக்கே சொல். அம்மாவுக்கு இருமல் மாத்திரை தீர்ந்திருக்கும், அதையும் பார்.

அன்புடன்
அக்கா