லயம்

பாரிஸிலிருக்கும் நண்பரின் மகன் சென்ற மாதம் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். வதிவிட உரிமைக்காக அவன் கொடுக்கவிருந்த வாழ்க்கைக் குறிப்பின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அது. "மாமா, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க." கண்டியில் நான் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்ததை அவன் அப்பா இன்னும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

முதற் பந்தியிலேயே கண் நின்றுவிட்டது. ராகலையில் ஒரு லயத்து அறையில் பிறந்தேன் என்று அவன் எழுதியது ஆங்கிலத்தில் 'லைன் ரூம்' ஆகி, பிரெஞ்சில் 'ஷாம்ப்ர் ஆன் லீஞ்' ஆகியிருந்தது. 'ஆன் லீஞ்' என்றால் இன்றைய பிரெஞ்சில் இணையவழி. பிள்ளை இணையத்தில் பிறந்திருக்கிறான்! சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த அறையை எனக்குத் தெரியும். பெருநாளைக்கு உம்மா தந்தனுப்பும் வட்டிலப்பத்தோடு அதன் வாசலில் எத்தனை தடவை நின்றிருக்கிறேன்.

ஆங்கிலத்தின் 'லைன்' ஒரு பெரிய மூட்டை. பிரெஞ்சுக்காரர் அதை அவிழ்த்துப் பங்கு போட்டுவிடுகிறார்கள். ரயில்பாதை 'லீஞ்', கவிதை வரி 'வேர்', நாடக நடிகனின் வசனம் 'ரெப்ளீக்'. ஒருவர் பின் ஒருவராக நின்றால் 'ஃபீல்', தோளோடு தோள் நின்றால் 'ரான்'. 2022இல் மண்ணெண்ணெய்க்கு நாங்கள் நின்றது ஃபீல். பள்ளிவாசலில் நிற்கும் ஸஃபு ரான்.

ராகலைக்கு ஒருகாலத்தில் ரயிலும் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இரண்டரை அடி அகலப் பாதை. 1940களில் அந்த லைன் போயிற்று. துரைமார் கட்டிய மற்ற லைன் போகவில்லை. சனங்கள் அதை லயமாக்கிக்கொண்டார்கள். பாட்டின் லயம் ஒரு பக்கம், குதிரை கட்டும் லாயம் மறுபக்கம். எது பொருந்தும் என்று நண்பரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

வட பிரான்சில் சுரங்கத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குக் 'கொரோன்' என்றொரு சொல் உண்டு. எமிலி ஸோலாவின் 'ஜெர்மினல்' (1885) அந்தச் சுரங்கச் சனங்களின் கதைதான். வாசிக்கும் அதிகாரிக்குச் சட்டென்று விளங்கும். ஆனால் கொரோன் என்றதும் மாடி அறையும் பின்புறத் தோட்டமும் அவர் மனதில் வந்துவிடுமே! எழுதினேன், வெட்டினேன்.

கடைசியில் 'லயம்' என்றே பிரெஞ்செழுத்தில் விட்டுப் பக்கத்தில் ஒரு விளக்கம் சேர்த்தேன்: தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளில் ஒன்று, பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஏழு பேர்.

இரவு பதில் வந்தது.

"எட்டுப் பேர் மாமா. அப்பாயிய மறந்துட்டீங்க."